நீலப்பட்டைத் தேனீயை அடையாளம் காண்பது எப்படி?

முதலில் வயிற்றைப் பாருங்கள். கறுப்பு வயிற்றில் உலோகம் போல மினுங்கும் நீலப் பட்டைகள் குறுக்கே ஓடினால் பெரும்பாலும் அதுதான், ஆனால் நிறத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள், வயதான தேனீயில் பட்டை வெளிறிப்போயிருக்கும். சரி, அப்புறம் எண்ணுங்கள்: பெண்ணுக்கு 4 பட்டை, ஆணுக்கு 5. நீளம் 10-12 மில்லிமீட்டர் இருக்கும். மார்பில் பழுப்பு மயிர், பெரிய கண்கள். பெண்ணின் பின்னங்காலில் மகரந்தம் சுமக்க அடர்ந்த மயிர்.

விருட்டென்று பறந்துவிடுவதால் பகலில் எண்ணுவது கஷ்டம். அந்தி நேரத்தில் மெல்லிய தண்டுகளைத் தேடுங்கள், ஆண் தேனீக்கள் தாடையால் தண்டைக் கவ்வியபடியே தூங்கும், பார்க்க அவ்வளவு அழகு! தொடாமல் படம் எடுங்கள்.

இதே பட்டையுள்ள இனங்கள் பல உண்டு. படத்தை மட்டும் வைத்து, இந்தத் தேனீக்கள் அடங்கிய அமெஜில்லா (Amegilla) பேரினம் என்று குறிப்பதே நேர்மை.