பெங்களூரு கன்டோன்மென்ட்டைப் படமெடுக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

கன்டோன்மென்ட் என்றதும் பலரும் கேமராவோடு கிளம்புவது ரிச்சர்ட்ஸ் டவுன், குக் டவுன் பக்கம்தான். ஜன்னலுக்கு மேல் கூம்பாக மரவேலை செய்த 'மங்கி டாப்' பங்களாக்களில் சில அங்கே மிச்சம் இருக்கின்றன. அழகுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் 1809-ல் பிரிட்டிஷ் படைக்காக அமைந்த இந்தப் படைநகரில் இருந்தவர்கள் துரைகள் மட்டுமா? மதராஸ் படையை ஒட்டி வந்த தமிழ்ச் சிப்பாய்களும் வியாபாரிகளும் குடியேறிய சிவாஜிநகர், அல்சூர் சந்துகளை விட்டுவிட்டால் அது பாதி ஆல்பம்தான். அப்புறம், அல்சூரில் கண்ணில் படுவதற்கெல்லாம் 'பிரிட்டிஷ் காலம்' என்று தலைப்புப் போட்டுவிடாதீர்கள். சோமேஸ்வரர் கோயில் கன்டோன்மென்ட்டை விடப் பல நூற்றாண்டு மூத்தது.

பலர் கோட்டை விடுவது வெயிலில். எம்.ஜி. ரோடு ஏறக்குறைய கிழக்கு மேற்காக ஓடுகிறது. பழைய கடைகள் தெற்கு வரிசையில், வடக்கு பார்த்து நிற்கின்றன. 1905-ல் கட்டிய ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக்கடையும் அப்படித்தான். டிசம்பரில் வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அந்த முகப்பில் நேர் வெயில் விழாது. கட்டடம் இருண்டு, பின்னால் வானம் வெளுத்துப்போகும். மே மாதக் காலையிலோ மாலையிலோ போனால் சாய்வெயில் கிடைக்கும். டிசம்பரில்தான் லீவு என்றால், மேகம் மூடிய நாளாகப் பாருங்கள்.

எதிர்ப்பக்கம் 2011-லிருந்து மெட்ரோ ஓடுகிறது. அந்தப் பாலத்தையும் மின்கம்பியையும் ஃபிளெக்ஸையும் போனிலேயே அழித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. எந்த ஆண்டு எடுத்த படம் என்று நாளைக்குச் சொல்லப்போவதே அவைதான். மனசு கேட்கவில்லையா, அழிக்காத பிரதி ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

செயின்ட் மேரிஸ் பசிலிக்காவின் கோபுரம் 160 அடி. அடியில் நின்று போனின் 0.5 அகலக்கோண லென்ஸில் அண்ணாந்து எடுத்தால் பின்னால் சாய்வதுபோல் வரும். ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் தள்ளிவந்து, போனை மேலே சாய்க்காமல் நேராகப் பிடித்து எடுங்கள். கீழே வரும் ரோட்டைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். செப்டம்பர் 8 திருவிழாவில் கட்டடத்தை மறந்துவிட்டு முகங்களை எடுங்கள்.

வீடு என்றால் கேட்காமல் எடுக்காதீர்கள். "அண்ணே, வெளியே நின்னு ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று வாட்ச்மேனிடம் தமிழில் கேட்டாலே இந்தப் பக்கம் பெரும்பாலும் புரியும். அல்சூர் ஏரியை ஒட்டி ராணுவப் பொறியாளர் பிரிவான மதராஸ் சாப்பர்ஸின் முகாம் இருக்கிறது. அந்த மதில் பக்கம் மட்டும் கேமராவைத் திருப்பவே வேண்டாம்.