எம்ஜிஏ காரில் அந்தக்கால சீட் பெல்ட் மாட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்ஜி நிறுவனத்தின் திறந்த, இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிஏ 1955 முதல் 1962 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் தயாரானது. வால்வோவின் பொறியாளர் நில்ஸ் போலின் இடுப்பையும் தோளையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை பெல்ட்டைக் கொண்டுவந்ததே 1959-இல்தான். முன் இருக்கைக்கு பெல்ட் மாட்டும் இடம் கட்டாயம் என்று பிரிட்டனில் ஆனது 1965-இல். அதனால் பல எம்ஜிஏக்களில் பெல்ட்டுக்கென்று எந்த ஏற்பாடும் இருக்காது. உங்கள் கார் கடைசி ஆண்டுகளைச் சேர்ந்தது என்றால் முதலில் கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். மரை போட்ட இடம் ஏற்கெனவே இருக்கலாம்.

இல்லையென்றால் நீங்கள்தான் உருவாக்க வேண்டும். பெரிய தவறு அங்கேதான் நடக்கிறது: தரையில் துளை போட்டு, ஒரு வாஷரைக் கொடுத்து, போல்ட்டை முறுக்கி விடுகிறார்கள். எம்ஜிஏயின் தரை பிளைவுட் பலகை. சேஸியின், அதாவது காரின் இரும்பு அடிச்சட்டத்தின், மேல் திருகி வைத்தது, அவ்வளவுதான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகிறவர் அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றாக வேண்டும் என்றால், அவர் உடல் எடையைப்போல ஏறக்குறைய 20 மடங்கு விசை பெல்ட்டில் வரும். 75 கிலோ ஆளுக்கு அது 1,500 கிலோ. அந்தக் காரின் எடையே கிட்டத்தட்ட 900 கிலோதான். பலகை கிழிந்து பெல்ட்டோடு சேர்ந்து வந்துவிடும். பிடிமானம் சேஸியிலோ, சேஸியோடு உறுதியாகச் சேர்ந்த இரும்பிலோ இருக்க வேண்டும். மெல்லிய தகட்டில்தான் முடியும் என்றால் பின்னால் அகலமான, தடித்த இரும்பு பிளேட் வைக்க வேண்டும். அதன் விளிம்பு கூர்மையாக இருந்தால் தகட்டை அதுவே வெட்டிவிடும்.

பிளேட்டை வெல்டு செய்யும் இடத்தில் துரு இருக்கிறதா என்று கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அறுபது வயதைத் தாண்டிய காரில் பெயின்ட்டுக்கு அடியில் பாதித் தகடு போயிருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திக் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் பெல்ட் வேலையை நிறுத்திவிட்டு, தகடு வேலையை முதலில் முடியுங்கள்.

துளை போடும் முன் காருக்கு அடியில் படுத்துப் பாருங்கள். எம்ஜிஏயில் இருக்கைக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருக்கும். அந்தப் பக்கம் பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், வயர் எல்லாம் ஓடும். நடு டனலில், அதாவது இரு இருக்கைகளுக்கும் இடையே உள்ள மேட்டில், உள்பக்கப் பிடிமானம் வைப்பவர்கள் மறக்கும் இன்னொன்று போல்ட்டின் நீளம். முனை அதிகமாக நீட்டிக்கொண்டிருந்தால், கார் பள்ளத்தில் இறங்கும்போது பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதில் உரசும்.

போல்ட்டைப் பொறுத்தவரை சீட் பெல்ட்டுக்கு வழக்கமாக வருவது 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை கொண்ட யுஎன்எஃப் (அங்குல அளவில் நெருக்கமான மரை) வகை. பெல்ட்டோடு வந்த போல்ட்டையே போடுங்கள். டப்பாவில் கிடந்த எதையோ எடுத்துத் திணித்தால் மரை நாசமாகும். 10 மில்லிமீட்டர் போல்ட் உள்ளே போகும், ஆனால் பிடிக்காது.

அடுத்தது பெல்ட் உடம்பில் எப்படிப் படிகிறது என்பது. இடுப்புப் பட்டை இடுப்பெலும்பில் படிய வேண்டும், வயிற்றில் அல்ல. கீழ்ப் பிடிமானத்தை இருக்கைக்கு ரொம்பப் பின்னால் வைத்தால் பட்டை படுக்கையாக ஓடும். மோதலில் உடம்பு அதற்கு அடியில் நழுவி, பட்டை வயிற்றுக்கு ஏறி குடலையும் கல்லீரலையும் நசுக்கும். தோளுக்கு மேல் வரும் பட்டையில் திறந்த காருக்கே உரிய சிக்கல் உண்டு. கதவுத் தூண் இல்லாததால் மேல் முனையைத் தாழ்வாக, பின் சக்கர வளைவு பக்கமாக வைக்கத் தோன்றும். தோளுக்கு ரொம்பக் கீழே போனால், இழுபடும் பட்டை தோளைக் கீழே அமுக்கி முதுகெலும்பை நசுக்கும். காரில் இடம் அனுமதிக்கும் அளவுக்கு உயரமாக வையுங்கள். வம்பே வேண்டாமென்று இடுப்புப் பட்டை மட்டும் போதும் என்பதும் சரியில்லை. எம்ஜிஏயின் ஸ்டியரிங் தண்டு மோதலில் மடங்காது. நெஞ்சு நேராக அதன் மேல்தான் போய் விழும்.

பெல்ட்டை வாங்கும்போது ஒரு மயக்கம் வரும். பழைய பொருள் சந்தையில் 1960களின் அசல் பெல்ட், பளபளக்கும் குரோம் பக்கிளோடு கிடைக்கும். ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் பட்டையின் நூல் வெயிலில் வலுவிழக்கும். விபத்தில் ஒருமுறை இழுபட்டதா என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பழைய தோற்றத்தில் புதிதாக நெய்த, ஐரோப்பியத் தர அங்கீகாரமான ‘ஈ’ (E) முத்திரை உள்ள பெல்ட்டையே வாங்குங்கள். நிறம் பொருந்தவில்லையென்று சாயத்தில் முக்கவே கூடாது.

தானாகச் சுருளும் ரீல் வேண்டுமென்றால், அது குறிப்பிட்ட கோணத்தில் நின்றால்தான் பூட்டும். சாய்ந்து நின்றால் எப்போதும் பூட்டியபடி இருக்கும், அல்லது தேவையான நேரத்தில் பூட்டாது. தயாரிப்பாளர் சொன்ன கோணம்தான் கணக்கு.

பழைய பாணி பெல்ட்டில் ரீல் கிடையாது, கையால்தான் இறுக்க வேண்டும். இறுக்கினால் டேஷ்போர்டு சுவிட்சுக்குக் கை எட்டாது. உடனே தளர்த்திவிடுவோம், அப்புறம் அது தளர்வாகவே கிடக்கும். பிடிமான இடத்தை முடிவு செய்யும் முன், இருக்கையை உங்கள் வழக்கமான இடத்தில் வைத்து, கயிறு கட்டியாவது உட்கார்ந்து பாருங்கள். லைட் சுவிட்ச், வைப்பர், ஹேண்ட்பிரேக் மூன்றும் எட்ட வேண்டும்.

வேலை முடிந்ததும் ஒன்று பாக்கி இருக்கிறது. இன்றைய ஆட்கள் சிவப்பு பட்டனைத் தேடுவார்கள். பழைய பக்கிள்களில் பலவற்றை மூடியைத் தூக்கித்தான் திறக்க வேண்டும். கிளம்பும் முன் பக்கத்தில் உட்காருபவரை இரண்டு தடவை பூட்டித் திறக்கச் சொல்லுங்கள், இரண்டாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு.