முதுகெலும்பு முறிவுக்கு வி.ஏ. இழப்பீடு கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பணியில் இருந்தபோது முதுகெலும்பு முறிந்த அமெரிக்க முன்னாள் படைவீரர்களில் பலர் எக்ஸ்ரேயை மட்டும் நம்பி விண்ணப்பிக்கிறார்கள். முள்ளெலும்பு நசுங்கியிருப்பது படத்தில் பளிச்சென்று தெரியும். ஆனாலும் கைக்கு வருவது 10 சதவீத ஊன மதிப்பீடாக இருக்கும்; இழப்பீட்டுத் தொகை இந்தச் சதவீதத்தைப் பொறுத்தது. எலும்பு எவ்வளவு உடைந்தது என்பதைவிட முதுகு எவ்வளவு வளைகிறது என்பதுதான் முன்னாள் படைவீரர் துறையான வி.ஏ.வுக்கு முக்கியம்.

வி.ஏ.வின் மதிப்பீட்டுப் பட்டியலில் முறிவுக்கான குறியீடு 5235. முள்ளெலும்பு தன் உயரத்தில் பாதியை இழந்திருந்தாலும் அதற்கென்று கிடைப்பது அந்த 10 சதவீதம்தான். கீழ்முதுகு முன்பக்கமாக 30 டிகிரிக்கு மேல், 60 டிகிரி வரை மட்டுமே வளைந்தால் 20 சதவீதம். 30 டிகிரியைத் தாண்டவே முடியாவிட்டால் 40.

இந்த அளவு எடுக்கப்படுவது வி.ஏ. ஏற்பாடு செய்யும் சி அண்ட் பி (இழப்பீடு, ஓய்வூதியம்) மருத்துவப் பரிசோதனையில். பலர் சதவீதத்தை இழப்பதும் அங்கேதான். பல்லைக் கடித்துக்கொண்டு முடிந்தவரை குனிந்து காட்டுவது படையில் ஊறிய பழக்கம். இங்கே அது உங்களுக்கே எதிராகத் திரும்பும். கோணமானி வைத்து அளக்கும்போது வலி தொடங்கும் இடத்திலேயே சொல்லிவிடுங்கள். அதற்காக இல்லாத வலியைக் காட்டவும் கூடாது. மருத்துவப் பதிவுகளோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்கள்.

அன்றைக்கு வலி குறைவாக இருக்கலாம். அப்போது “சில நாள் ரொம்ப வலிக்கும்” என்று சொன்னால் போதாது. “மாதம் மூன்று முறை வலி கூடும், இரண்டு நாள் நீடிக்கும், அப்போது ஷூ லேஸ் கட்டக்கூடக் குனிய முடியாது” என்று சொல்லுங்கள். வலி கூடிய நாளில் பார்க்கவில்லை என்பதற்காக மட்டும் மருத்துவர் கைவிரிக்க முடியாது, நீங்கள் தரும் விவரங்களையும் வைத்து மதிப்பிட முயல வேண்டும் என்பது முன்னாள் படைவீரர் மேல்முறையீடுகளுக்கான அமெரிக்க நீதிமன்றம் 2017-இல் ஷார்ப் வழக்கில் தந்த தீர்ப்பு.

அடுத்த பெரிய தவறு, முதுகோடு நிறுத்திக்கொள்வது. முறிவு நரம்பை அழுத்தினால் கால் மரத்துப்போகலாம், சிறுநீர் கட்டுப்படாமல் போகலாம். இவற்றுக்குத் தனித்தனி மதிப்பீடு உண்டு. கீழ்முதுகிலிருந்து காலுக்கு ஓடும் சயாட்டிக் நரம்புக்கு (குறியீடு 8520) மட்டுமே பாதிப்பைப் பொறுத்து 10 முதல் 80 சதவீதம் வரை தருகிறார்கள். கழுத்தும் பாதிக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் அதையும் தனியாகவே மதிப்பிடுவார்கள். ஆனால் சதவீதங்களை அப்படியே கூட்டிவிடாதீர்கள்: 40 போக மீதமுள்ள 60-இல்தான் 20 சதவீதம் எடுப்பார்கள், அதனால் 40-உம் 20-உம் சேர்ந்தால் 52, அதை முழுமையாக்கி 50 என்பார்கள்.

மருத்துவர் கடிதத்தில் “தொடர்பு இருக்கக்கூடும்” என்று எழுதியிருந்தால் அது வெறும் ஊகம். பணிக்காலக் காயமே இதற்குக் காரணமாக இருக்க வாய்ப்பு குறைந்தது 50 சதவீதம் என்று எழுதி, ஏன் என்பதையும் விளக்க வேண்டும். பழைய பதிவு கிடைக்கவில்லையா? 1973-இல் செயின்ட் லூயிஸ் படைவீரர் ஆவணக் காப்பகத் தீயில் எரிந்தவை ஏராளம். கூடப் பணியாற்றியவர்களின் வாக்குமூலத்தை 21-10210 படிவத்தில் வாங்கி இணைக்கலாம்.

சான்றுகளெல்லாம் சேரட்டும் என்று தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். விண்ணப்பிக்கப் போவதாகத் தெரிவிக்கும் 21-0966 படிவத்தை முதலில் கொடுத்துவிட்டு ஓராண்டுக்குள் முழு விண்ணப்பத்தைக் கொடுத்தால், பணம் பொதுவாக அந்த முதல் தேதியிலிருந்தே கணக்காகும்.

நிராகரித்தாலும் அந்தத் தேதியைக் காப்பாற்ற ஓராண்டு அவகாசம் உண்டு. புதிய எம்ஆர்ஐ கையில் இருந்தால், புதிய சான்றோடு மீண்டும் கேட்பதற்கான 20-0995 படிவம்தான் சரி. 20-0996 மேல்நிலை மறுஆய்வுக்கானது. அதில் புதிய சான்று எதையும் பார்க்க மாட்டார்கள்.