பெர்லினில் முதல் வாரம்: மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறேன் என்றதும் ஊரில் கிடைக்கிற அறிவுரை பெரும்பாலும் குளிரைப் பற்றியதாகத்தான் இருக்கும். தெர்மல் வாங்கிக்கோ, ஷூ நல்லதாகப் பார்த்து வாங்கு, காதை மூடிக்கோ. பெர்லினுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு. ஜாக்கெட் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும். முதல் வாரத்தில் ஆளை அலைய வைப்பது காகிதம்தான், அதிலும் எந்தக் காகிதத்துக்கு முன் எந்தக் காகிதம் என்ற வரிசை.

அந்த வரிசையில் முதலில் நிற்பது முகவரிப் பதிவு. அன்மெல்டுங் என்பார்கள். குடிபுகுந்து இரண்டு வாரத்துக்குள் பியூர்கராம்ட் என்கிற அலுவலகத்துக்குப் போய், இந்த முகவரியில் இருக்கிறேன் என்று பதிய வேண்டும். இது சட்டம். பதிந்த பிறகுதான் வரி எண் தபாலில் வரும். பகுதிநேர வேலை கிடைத்தால் அந்த எண்ணைக் கேட்பார்கள். பல வங்கிகள் கணக்குத் திறக்கவே பதிவுச் சீட்டைக் கேட்கின்றன. இங்கே கணக்கு இருந்தால்தான், விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்ட் என்கிற முடக்கக் கணக்கில் பூட்டிவைத்த பணம் மாதாமாதம் இறங்கும். விசா முடிவதற்குள் தங்கும் உரிமைக்கு விண்ணப்பிக்கப் போனாலும் இதே சீட்டைத்தான் நீட்ட வேண்டும்.

‘வந்து இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று இருப்பதுதான் பெரிய தவறு. நம்மூர் தாலுகா ஆபீஸ் மாதிரி காலையில் போய் வரிசையில் நிற்கிற கதை இங்கே நடக்காது. இணையத்தில் நேரம் குறித்துக்கொண்டுதான் போக வேண்டும். அதை டெர்மின் என்பார்கள், வந்த ஒரு வாரத்தில் உங்கள் வாயிலும் அந்தச் சொல் ஒட்டிக்கொள்ளும். பெர்லினில் டெர்மின் கிடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஆனால் நகரத்தில் உள்ள எந்த பியூர்கராம்ட்டுக்கும் போகலாம். வீடு நொய்கோல்னில் இருந்தாலும் ஷ்பாண்டாவில் இடம் காலியாக இருந்தால் அதைப் பிடித்துவிடுங்கள். தேடலை விமானம் ஏறும் முன்பே ஊரில் இருந்தபடி தொடங்கலாம். யாராவது ரத்து செய்த இடங்கள் காலையில் திடீரென்று தோன்றும், அப்போது பார்ப்பது நல்லது. இரண்டு வாரத்துக்குள் தேதி கிடைக்கவில்லையா? கிடைத்த தேதியைப் பதிவு செய்து, அந்த உறுதி மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தாமதத்துக்குக் காரணம் கேட்டால் காட்ட அது போதும்.

டெர்மின் கிடைத்தும் திரும்பி வருகிறவர்கள் உண்டு. வாடகை ஒப்பந்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அது செல்லாது. வீடு கொடுத்தவர், ‘இவர் இன்ன தேதியில் குடிவந்தார்’ என்று கையெழுத்திட்டுத் தரும் தனிப் படிவம் வேண்டும். வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங். சொல்லிப் பழக வேண்டாம், போனில் எழுதி வைத்துக் காட்டினால் போதும். அறை பிடிக்கும்போதே ‘இந்தப் படிவம் தருவீர்களா’ என்று கேட்டுவிடுங்கள். தரமாட்டேன் என்றால், வாடகை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த அறையில் நீண்ட நாள் தங்க நினைக்காதீர்கள். ‘நான் லண்டனில் இருக்கிறேன், முன்பணத்தை அனுப்பு, சாவி கூரியரில் வரும்’ என்பவன் வீட்டுக்காரனே அல்ல, மோசடிக்காரன். இன்னொன்று: முன்பணமாக மூன்று மாத அடிப்படை வாடகைக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்டும் உரிமை உங்களுக்கு உண்டு. கேட்டால்தான் கிடைக்கும்.

அப்புறம் தபால் பெட்டி. தமிழ் மாணவர்கள் தனியாக மாட்டிக்கொள்ளும் இடம் இது. பெர்லின் அடுக்குமாடிகளில் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். நமக்கோ பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் இருக்கும். கார்த்திக் கோவிந்தராஜன் என்று வைத்துக்கொள்வோம். வங்கி, வரி அலுவலகம், பல்கலைக்கழகம் எல்லாவற்றுக்கும் இவர் ஹெர் கோவிந்தராஜன்தான், அதாவது திரு. கோவிந்தராஜன். இவர் பெட்டியில் ஆசையாக ‘கார்த்திக்’ என்று எழுதி ஒட்டினால் கடிதம் வந்த வழியே திரும்பிப் போகும். வங்கி அட்டை ஒரு கவரில் வரும், அதன் ரகசிய எண் வேறொரு நாளில் வேறொரு கவரில் வரும். ஒன்று வந்து மற்றொன்று வராமல் முழிப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, பெட்டியில் என்ன பெயர் ஒட்டியிருக்கிறாய் என்றுதான். சாவி வாங்கிய அன்றே, பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படி பெயரை ஒட்டிவிடுங்கள், அழைப்பு மணியிலும் சேர்த்து. நண்பர் வீட்டில் தற்காலிகமாகத் தங்கினால் முகவரியில் கேர் ஆஃப் போட்டு அவர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.

பணத்தில் நடக்கும் தப்புக்கணக்கு எளிமையானது. மாணவர் விசாவுக்காகப் பலர் பிளாக்டு அக்கவுண்டில் போடும் தொகை 2024 செப்டம்பரில் இருந்து வருடத்துக்கு 11,904 யூரோ, மாதம் 992 யூரோ என்று கைக்கு வரும். ‘அதுதான் இருக்கிறதே’ என்று கையில் கொஞ்சமாக எடுத்து வருவார்கள். முதல் தவணை வருவதற்குள் முன்பணம், முதல் மாத வாடகை, காப்பீடு, மெத்தை, பாத்திரம் என்று எல்லாம் வரிசை கட்டிவிடும். ஒரு மாதத்தை ஓட்டுவதற்கான பணம் தனியாக இருக்க வேண்டும், அதில் ஒரு பகுதி ரொக்கமாக. சின்னக் கடைகளில் நம் ஃபோரெக்ஸ் அட்டையைத் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார்கள்.

மருத்துவக் காப்பீட்டில் அவசரப்படாதீர்கள். பயணக் காப்பீட்டை வைத்துப் பல்கலைக்கழகத்தில் சேர முடியாது. 30 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பொதுக் காப்பீட்டில் மாணவர் கட்டணம் உண்டு, மாதம் சுமார் 140 யூரோவுக்கு மேல் ஆகும். தனியார் காப்பீடு மலிவாகத் தெரியும். ஆனால் பொதுக் காப்பீட்டில் இருந்து விலக்கு வாங்கிக்கொண்டு அதில் சேர்ந்துவிட்டால், படிப்பு முடியும் வரை மனம் மாறித் திரும்பி வர முடியாது. இதைத் தரகர்கள் சத்தமாகச் சொல்வதில்லை.

விமான நிலையத்தில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். அம்மா பாசமாகக் கட்டிக்கொடுத்த நெய், பால்கோவா, கருவாட்டில் எது மாட்டும் தெரியுமா? நெய்யும் பால்கோவாவும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியில் இருந்து பால் பொருளோ இறைச்சியோ பயணப் பெட்டியில் கொண்டுவரக் கூடாது. மீனுக்கு அந்தத் தடை இல்லை. பச்சைக் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் வரக்கூடாது. அரிசி, பருப்பு, புளி எல்லாம் இங்கேயே ஆசியக் கடைகளில் கிடைக்கும், அவற்றைச் சுமந்து வருவது வீண்.

வெளியே வந்ததும் ரயில். பெர்லினின் ஏ, பி, சி என்ற மூன்று கட்டண மண்டலங்களில் விமான நிலையம் சி மண்டலத்தில் இருக்கிறது. ஏபி டிக்கெட் எடுத்தால் செல்லாது, ஏபிசி எடுக்க வேண்டும். காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் நடைமேடையில் உள்ள சின்ன இயந்திரத்தில் செருகி முத்திரை குத்த வேண்டும். டிக்கெட் கையில் இருந்தும் முத்திரை இல்லாமல் 60 யூரோ அபராதம் கட்டுகிறவர்கள் ஒவ்வொரு செமஸ்டரிலும் இருக்கிறார்கள். பரிசோதகர் சாதாரண உடையில்தான் வருவார், ‘இன்றுதான் வந்தேன்’ என்பதெல்லாம் எடுபடாது. மாணவர்களுக்கான பயணச் சீட்டான செமஸ்டர் டிக்கெட், குளிர்கால செமஸ்டர் தொடங்கும் அக்டோபர் 1 முதல்தான் செல்லும் என்பதால் செப்டம்பரில் வருகிறவர்கள் தனியாக டிக்கெட் எடுக்க வேண்டும்.

சனிக்கிழமை இரவு வந்து இறங்கினால் மறுநாள் பட்டினி என்று பயமுறுத்துவார்கள். ஞாயிறன்று சூப்பர் மார்க்கெட்டுகள் பூட்டியிருப்பது உண்மைதான். ஆனால் ஹாப்ட்பான்ஹோஃப் போன்ற பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் திறந்திருக்கும்.

அறைக்குள் வந்த பிறகு இரண்டு ஆபத்துகள். ஒன்று கதவு. பல வீடுகளில் வெளிப்பக்கம் கைப்பிடி திருகாது. குப்பை கொட்டப் போகும்போது காற்றில் சாத்திக்கொண்டால் சாவி உள்ளே, நீங்கள் வெளியே. இரவில் பூட்டுத் திறப்பவரைக் கூப்பிட்டால் நூற்றுக்கணக்கில் யூரோ கேட்பார். இன்னொன்று தாளிப்பு. காய்ந்த மிளகாயும் கடுகும் எண்ணெயில் விழுந்ததும் கூரையில் உள்ள புகை எச்சரிக்கை கருவி கூவத் தொடங்கும். அப்போது நம் கை தானாக நடைவழிக் கதவைத் திறக்கப் போகும். அதைத்தான் செய்யக் கூடாது. விடுதியின் நடைவழியில் உள்ள கருவி மொத்தக் கட்டடத்துக்கும் அலாரம் அடிப்பதாக இருக்கலாம், தீயணைப்பு வண்டி வந்தால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழக்கூடும். அடுப்பு பற்றவைக்கும் முன்பே ஜன்னலை விரியத் திறந்து, நடைவழிக் கதவைச் சாத்தி, தீயைக் குறைத்து வைத்துத் தாளியுங்கள்.

வகுப்பு விஷயம் கொஞ்சம்தான். துறை மாணவர் அமைப்பு நடத்தும் அறிமுக வாரத்தை ‘விளையாட்டுதானே’ என்று விட்டுவிடாதீர்கள். எந்தப் பாடத்துக்கு எந்தத் தளத்தில் எப்போதுக்குள் பதிய வேண்டும் என்பதை மூத்த மாணவர்கள் வாயால் கேட்பது அங்கேதான். அட்டவணையில் 10 மணிக்குப் பக்கத்தில் ‘சி.டி.’ என்று இருந்தால் வகுப்பு 10.15-க்குத் தொடங்கும். ‘எஸ்.டி.’ என்று இருந்தால் சரியாக 10.00, அதற்குள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

உடம்புக்கு முடியவில்லை என்றால் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டாம், அங்கே மணிக்கணக்கில் காத்திருக்க நேரும். உயிருக்கு ஆபத்து என்றால் 112. டாக்டர்களின் கிளினிக்குகள் பூட்டிய நேரத்தில் காய்ச்சல், வயிற்றுவலி என்றால் 116117-க்கு அழைத்தால் எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். இரண்டையும் போனில் இப்போதே ஏற்றிக்கொள்ளுங்கள்.