வேலா பல்சாரை அளப்பது எப்படி: ஃபெர்மி தரவும் அளவுத்திருத்தமும்

மாசி மாத இரவில் தஞ்சாவூரிலிருந்து தெற்கே பார்த்தால், வேலா பல்சார் என்ற, சுழன்றபடி துடிப்புத் துடிப்பாகக் கதிர் வீசும் விண்மீன் இருக்கும் திசை சுமார் 34 டிகிரி உயரம் வரை ஏறும். வெறுங்கண்ணுக்கு அங்கே எதுவும் தெரியாது. ஆனால் காமா கதிரில், வானத்தில் நிலையாக ஒளிரும் மூலங்களில் இதுதான் மிகப் பிரகாசமானது. காமா கதிரைப் பதிவு செய்யும் ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கி 2008 ஜூன் 11 அன்று, அதாவது மேட்டூர் திறப்புக்கு வழக்கமான தேதிக்கு முதல் நாள், ஏவப்பட்டது. அதன் தரவு எல்லோருக்கும் இலவசம். கும்பகோணத்தில் ஒரு கல்லூரி மாணவர் சாதாரண லேப்டாப்பில் இதைச் செய்து பார்க்கலாம்.

ஃபெர்மி தரவு சர்வரில் மையம் (வேலா வானில் இருக்கும் இடம்) 128.84, -45.18 டிகிரி, ஆரம் 15 டிகிரி, ஆற்றல் 100 எம்இவி முதல் 300 ஜிஇவி என்று கேளுங்கள் (இவை ஆற்றல் அலகுகள்; 1 ஜிஇவி என்றால் 1,000 எம்இவி). காலத்தை 2001 ஜனவரி 1 முதல் எண்ணிய விநாடிகளாகவும் கொடுக்கலாம். முதல் முயற்சிக்கு ஒரு வருடத் தரவு தாராளம்.

இரண்டு வகைக் கோப்புகள் வரும். போட்டான் கோப்பில் வரிக்கு ஒரு போட்டான், அதாவது ஒரு ஒளித்துகள்: ஆற்றல், திசை, நேரம், உச்சிக்கோணம் (கலத்துக்கு நேர் மேலிருந்து எவ்வளவு சாய்ந்து வந்தது). விண்கலக் கோப்பில், 30 விநாடிக்கு ஒரு முறை கலம் எங்கே இருந்தது, எந்தப் பக்கம் பார்த்தது, எவ்வளவு நேரம் உண்மையில் பதிவு செய்தது என்ற கணக்கு. பலர் அலட்சியப்படுத்துவது இரண்டாவதைத்தான். முறைத் தண்ணீர் விடும்போது வயலில் நின்ற நீரை மட்டும் பார்த்து வாய்க்காலை எடைபோட முடியாது. மடை எவ்வளவு அகலம், எத்தனை மணி நேரம் திறந்திருந்தது என்றும் தெரிய வேண்டும். இங்கே மடையின் அகலம் கருவியின் பயனுறு பரப்பு (போட்டானைப் பிடிக்கும் பரப்பு), திறந்திருந்த நேரம் உயிர்நேரம். இரண்டின் பெருக்கம்தான் எக்ஸ்போஷர். தென் அட்லாண்டிக் பகுதியைக் கடக்கும்போது பதிவு நிற்கும். ஒவ்வொரு நிகழ்வுக்குப் பிறகும் குறைந்தது 26.5 மைக்ரோவிநாடி கருவி கண்மூடும்.

ஃபெர்மிடூல்ஸ் என்ற பகுப்பாய்வு மென்பொருளை நிறுவியபின், தரவை வடிகட்டும் அதன் ஜிடிசெலக்ட் கருவியில் ஈவிகிளாஸ் 128, ஈவிடைப் 3 (எந்தத் தர, எந்த வகை நிகழ்வு வேண்டும் என்பது), இசட்மேக்ஸ் 90 (உச்சிக்கோணத்தின் உச்ச வரம்பு) கொடுங்கள். பூமியின் விளிம்பே காமா கதிரில் பளபளக்கும். அந்த 90 அதை வெட்டத்தான். அடுத்து ஜிடிஎம்கேடைம், நல்ல தரவுள்ள நேரங்களை மட்டும் வைக்கும். போட்டான்களைப் படமாக அடுக்கும் ஜிடிபின்னில் படச்சதுரம் 15 டிகிரி வட்டத்துக்குள் அடங்க வேண்டும்: 0.2 டிகிரி அளவில் பக்கத்துக்கு 106 பிக்சல். பிறகு ஜிடிஎல்டிகியூப் (உயிர்நேரக் கணக்கு), ஜிடிஎக்ஸ்ப்கியூப்2 (எக்ஸ்போஷர்), ஜிடிஎஸ்ஆர்சிமேப்ஸ் (ஒவ்வொரு மூலத்துக்கும் மாதிரிப் படம்), கடைசியில் மாதிரியைத் தரவோடு பொருத்தி விடை தரும் ஜிடிலைக்.

ஜிடிஎல்டிகியூப்தான் நெடுநேரம் ஓடும். பாதியில் கரண்ட் போனால் முதலிலிருந்துதான். மாதம் மாதமாகப் பிரித்து ஓட்டி, ஜிடிஎல்டிசம்மில் சேர்த்துவிடுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறும் இந்த இடத்தில்தான். ஜிடிசெலக்டில் 90 கொடுத்துவிட்டு, ஜிடிஎல்டிகியூப்பில் இசட்மேக்ஸை 180 என்றே விட்டுவிடுவார்கள். எச்சரிக்கை எதுவும் வராது, படமும் அழகாக இருக்கும். ஆனால் மடை சாத்தியிருந்த நேரமும் திறந்திருந்ததாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. எக்ஸ்போஷர் கூடும்; பாய்வு, அதாவது ஒரு பரப்பில் ஒரு விநாடிக்கு விழும் போட்டான் எண்ணிக்கை, குறைந்து வரும். இரண்டு இடத்திலும் ஒரே எண் இருக்கிறதா என்று கையால் எழுதிச் சரிபாருங்கள்.

அளவுத்திருத்தத்தின் பெரும்பகுதியை ஃபெர்மி குழுவே செய்து தருகிறது. ஆற்றலை அளப்பவை 1,536 சீசியம் அயோடைடு படிகங்கள். கதிர்வீச்சில் அவற்றின் ஒளி வருடாவருடம் கொஞ்சம் மங்கும். குறுக்கே ஊடுருவிப் போகும் காஸ்மிக் புரோட்டான்கள் விட்டுச்செல்லும் ஆற்றல் தெரிந்த அளவு என்பதால், அதையே படிக்கல்லாக வைத்துத் திருத்துகிறார்கள். நம் பொறுப்பு, தரவுக்கும் எதிர்வினைக் கோப்புக்கும் (கருவி எப்படிப் பதிவு செய்கிறது என்ற விவரம்) பொருத்தம் பார்ப்பது. பி8ஆர்3 சோர்ஸ் என்ற தலைமுறைத் தரவுக்குப் பி8ஆர்3 சோர்ஸ் வி3 என்ற எதிர்வினைக் கோப்புதான். பழைய தலைமுறைத் தரவு கணினியில் கிடந்தால் அழித்துவிட்டுப் புதிதாக இறக்குங்கள்.

கவனிக்க இன்னும் இரண்டு. 100 எம்இவியில் ஒரு புள்ளி மூலம் சுமார் 5 டிகிரிக்குப் பரவும். 1 ஜிஇவியில் சுமார் 0.8. அதனால் அக்கம்பக்கத்து மூலங்களும் பால்வழியின் பின்னணியும் மாதிரியில் (ஜிடிலைக்குக்குக் கொடுக்கும் மூலங்களின் பட்டியலில்) இல்லாவிட்டால் அவற்றின் ஒளியும் வேலா கணக்கில் சேர்ந்துவிடும். ஆற்றல் சிதறல் (அளந்த ஆற்றல் உண்மை ஆற்றலிலிருந்து சற்று விலகுவது) திருத்தத்தையும் போடுங்கள். 1 ஜிஇவிக்குக் கீழே அது இல்லாமல் நிறமாலை வளைந்துபோகும். 2018 மார்ச்சில் ஒரு சூரியத் தகடு சிக்கிக்கொண்ட பிறகு கலம் வானைத் துழாவும் முறை மாறியது. எனவே 2018க்கு முந்திய வருட எக்ஸ்போஷரைப் பிந்தைய வருடத்துக்கு எடுத்துப் போடக் கூடாது.

100 எம்இவிக்கு மேல் வேலாவின் பாய்வு, சதுர சென்டிமீட்டருக்கு விநாடிக்குச் சுமார் 0.00001 போட்டான் என்று வர வேண்டும். ஒரு விரல் நகமளவு இடத்தில் ஒரு போட்டான் விழ ஒரு நாளுக்கு மேல் ஆகும். உங்கள் விடை அதைவிடக் குறைவாக வந்தால் மாதிரியை மாற்றப் போகாதீர்கள்; முதலில் இசட்மேக்ஸைத் திறந்து பாருங்கள்.