தகரத்துல மழை அடிச்சாலும் டிவி கேக்கணும்: சவுண்ட்பாரும் பிளேஸ்டேஷனும் மாட்டுற விதம்

இலங்கை மலையகத்துல ஹட்டன் பக்கம் ஜூன் ஜூலையில மழை புடிச்சுச்சுன்னா தகரத்துல விழுற சத்தத்துல டிவில என்ன பேசுறாங்கன்னே வெளங்காது. அம்மா நாடகம் பாக்குறப்ப சவுண்ட முழுசா ஏத்தி வச்சுட்டு அப்பவும் "என்னாடா சொன்னான்"னு எங்கிட்ட கேப்பாங்க. இப்ப வர்ற மெல்லிசு டிவில ஸ்பீக்கர் ரொம்ப சின்னது, அதுவும் கீழ பாத்து இருக்கும், அதனால அம்மாவுக்காகத்தான் சவுண்ட்பார், அதான் டிவிக்கு கீழ வைக்கிற நீட்டு ஸ்பீக்கர், வாங்குனோம். தம்பிக்கிட்ட ஏற்கனவே பிளேஸ்டேஷன் 5 இருந்துச்சு. ரெண்டையும் ஒரே டிவில மாட்டுறதுக்கு ரெண்டு நாள் மல்லுக்கட்டுனோம், நீங்க அப்பிடி கஷ்டப்படக் கூடாதுன்னுதான் எழுதுறேன்.

மொதல்ல எல்லா பிளக்கையும் கழட்டிட்டு டிவிக்கு பின்னால ஒரு டார்ச் அடிச்சு பாருங்க. எச்டிஎம்ஐ ஓட்டை ரெண்டு மூணு இருக்கும், அதுல ஒண்ணுக்கு பக்கத்துல மட்டும் ஏஆர்சி (ARC) இல்லாட்டி ஈஏஆர்சின்னு (eARC) போட்டிருக்கும். அந்த ஓட்டை சவுண்ட்பாருக்குத்தான், வேற எதையும் அதுல சொருகாதீங்க. மத்த ஓட்டையெல்லாம் படத்தையும் சத்தத்தையும் டிவிக்குள்ள வாங்க மட்டுந்தான் செய்யும், இது ஒண்ணுதான் சத்தத்த திருப்பி வெளிய அனுப்பும். 2009ல வந்த எச்டிஎம்ஐ 1.4லதான் இந்த வசதி வந்துச்சு, அதுக்கு முந்தின டிவின்னா இருக்காது. சவுண்ட்பார்லயும் ஏஆர்சின்னு போட்ட ஓட்டையிலதான் மத்த நுனிய சொருகணும்.

பிளேஸ்டேஷன சவுண்ட்பார்ல மாட்டாம நேரா டிவிலயே மாட்டுங்க. ஏன்னா நெறைய சவுண்ட்பார் வழியா போறப்ப 4கே 120 படம் (செக்கனுக்கு 120 தடவ மாறுற 4கே படம்) வராது, அதோட டிஷ் பொக்ஸ், பிளேஸ்டேஷன், டிவிக்குள்ள இருக்க யூடியூப் எல்லாத்தோட சத்தமும் டிவிக்கு வந்து அந்த ஒரே வயர் வழியா பாருக்கு போயிரும், அம்மா ஒவ்வொரு தடவையும் எதையும் மாத்தத் தேவையில்ல. பிளேஸ்டேஷன் பெட்டியோட வர்ற வயரையே போடுங்க, அது செக்கனுக்கு 48 ஜிகாபிட் தாங்குறது, அத கொண்டுபோய் டிஷ் பொக்ஸ்ல மாட்டிட்டு பழைய வயர கேமுக்கு போடாதீங்க.

கடையில எங்களுக்கு ஆப்டிக்கல் வயர்தான் குடுத்துவிட்டாங்க. பிளேஸ்டேஷன் 5ல ஆப்டிக்கல் ஓட்டையே கிடையாது. டிவில இருந்து சவுண்ட்பாருக்கு ஆப்டிக்கல் போடலாம், சத்தம் நல்லாவே வரும், ஆனா டிவி ரிமோட்ல சவுண்ட கூட்டிக் குறைக்கிறது அது வழியா போகாது, அட்மோஸும் (மேல இருந்தும் சுத்தியும் கேக்குற மாதிரி வர்ற டொல்பி சத்தம்) வராது. ஏஆர்சி இல்லாத டிவிக்கு மட்டும் அத வச்சுக்கோங்க.

மாட்டியாச்சு, சத்தம் வரலையா? எங்களுக்கும் வரல, ஒரு நாள் போனது இதுலதான். டிவி செட்டிங்ஸ்ல சிஇசின்னு (CEC, எச்டிஎம்ஐ வழியா ஒரு சாமான் மத்தத இயக்குற வசதி) ஒண்ண ஓன் பண்ணணும், சாம்சுங்ல அதுக்கு பேரு எனிநெட், எல்ஜில சிம்பிளிங்க், சோனில பிராவியா சிங்க். பொறவு சவுண்ட் அவுட்புட்டுல டிவி ஸ்பீக்கர எடுத்துட்டு ஏஆர்சிய தெரிவு செய்யணும். அப்பவும் வரலன்னா எல்லாத்தையும் பிளக்க புடுங்கி ரெண்டு மூணு நிமிஷம் விட்டு, டிவி, பார், பிளேஸ்டேஷன்னு வரிசையா போடுங்க.

கேம்ல சுட்டதுக்கு பொறவு சத்தம் பிந்தி வருதுன்னா டிவில கேம் மோட் போட்டுட்டு டிஜிட்டல் சவுண்ட பிசிஎம்முக்கு (PCM, சுருக்காம அனுப்புற சத்தம்) மாத்துங்க. சவுண்ட்பார்ல இருக்க சிங்க் பட்டன் சத்தத்த இன்னும் பிந்த வைக்கத்தான் செய்யும், அத சைபர்ல விடுங்க. புளூடூத்துல கேம் வேணவே வேணாம், சத்தம் பிந்துறது நல்லாவே தெரியும்.

லயத்து வீடுன்னா, அதான் தோட்டத்துல ஒட்டி ஒட்டி இருக்க வரிச வீடுன்னா, இன்னொண்ணு. சவுண்ட்பாரோட வர்ற ஊபர (பேஸ் சத்தம் போடுற தனி ஸ்பீக்கர்) செவத்து மூலையில வச்சா பேஸ் கூடும், அது பக்கத்து வீட்டு காம்பராவுக்கும் சேத்துத்தான் கேக்கும். ராவுல, விடியக்காலையில மலைக்கு வேலைக்கு போற சனம் தூங்குற நேரம் அது. செவத்துல இருந்து தள்ளி, அடியில ஒரு தடிச்ச ரப்பர் சீட் போட்டு வைங்க, ராவுல நைட் மோட் போட்டா பேசுறது தெளிவா கேக்கும், அதிர்வு கொறையும்.

ஏப்ரல், அக்டோபர் மாசத்துல அந்தி இடி வர்றப்ப சுவிட்ச ஓப் பண்ணுனா மட்டும் பத்தாது, பிளக்கையே கழட்டுங்க, டிஷ்ஷுல இருந்து வர்ற வயரையும் பொக்ஸ்ல இருந்து கழட்டுங்க. எச்டிஎம்ஐ வழியா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்து கெடக்கு, டிஷ் வயர்ல ஏறுற மின்னல் டிவி, பார், பிளேஸ்டேஷன்னு மூணையும் கொண்டு போயிரும். இடி முழங்கத் தொடங்குறதுக்கு முந்தியே கழட்டிருங்க, தலைக்கு மேல வந்த பொறவு வயர்ல கை வைக்காதீங்க.