கக்கூஸ் கதவுக்கு மட்டும் தனி கலர்

வீட்டில் டிமென்ஷியா (மறதி நோய்) இருக்கும் பெரியவர் இருந்தால், அவர் தடுமாறாமல் கண்டுபிடித்துப் போக கக்கூஸ் கதவுக்கு மட்டும் பளிச்சென்று வேறு கலர் அடியுங்கள், நம்ம வேலூரில் காட்பாடியோ சத்துவாச்சாரியோ தெருமுனைக் கடையில் கிடைக்கும் அரை லிட்டர் எனாமல் போதும். எந்தக் கலர் என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். இரண்டு மூன்று கலர் அட்டையைக் கதவில் ஒட்டி, அவரைக் கட்டிலில் உட்காரவைத்து, "எது சட்டுனு கண்ணுக்குத் தெரியுது?" என்று கேளுங்கள். கதவில் எழுதும் வார்த்தையும் அவர் வாயில் வருவதாகவே இருக்கட்டும். "கழிவறை" என்று எழுதினால் யாருக்குப் புரியும், அவருக்கு அது கக்கூஸ்தான். சின்ன வயதில் உருதுவோ தெலுங்கோ படித்தவர் என்றால் (நம்ம பக்கம் நிறையப் பேர் அப்படித்தானே) அந்த எழுத்திலேயே எழுதுங்கள்.

இந்த நோயில் ஒரே நிறச் சுவரையும் கதவையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டமாகிவிடும், வெள்ளை டைல்ஸில் வெள்ளைக் கோப்பை கண்ணுக்கே படாது, அதனால் சீட்டும் கலரில் இருந்தால் நல்லது. புதிதாகச் சொன்னது தங்காது, ஆனால் பழைய வார்த்தை பெரும்பாலும் ரொம்ப நாள் நிற்கும்.

வாசலில் மட்டும் கறுப்பு மிதியடி வேண்டாம், பள்ளம் என்று பயந்து நின்றுவிடுவார்கள். நோய் முற்றியவர்களுக்கு இதெல்லாம் அவ்வளவாக உதவாது, நேரம் பார்த்து நாமே கூட்டிப்போக வேண்டியதுதான். நேற்றுவரை சரியாகப் போனவர் திடீரென்று தடுமாறினால் பெயிண்ட் டப்பாவைத் தேடாதீர்கள், மூத்திரத்தில் கிருமித்தொற்றாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.